மூன்றாம் தரம் கேட்காத சம்பந்திகள்

நிலத்தில் இருந்த ஒரு ஓட்டையைச் சுற்றி நாங்கள் நாலு பேர் குந்தியிருந்தோம்.

ஓட்டையைச் சுற்றிக் கல்லால் வட்டமாக வரம்பு கட்டியிருந்தார்கள். உள்ளே கொஞ்சம் கலங்கல் தண்ணீர் கிடந்தது, அவ்வளவுதான். சூடில்லாமலே அது கொதிக்கும், பிறகு ஆள் உயரத்துக்கு மேலே சீறிப் பாயும், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி அடங்கிவிடும் என்று வெர்னர் விளக்கினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு பாய்ச்சல் முடிந்து நிலம் ஈரமாக இருந்தது. அடுத்ததுக்கு அரை மணித்தியாலமாவது இருக்க வேண்டும் என்றார். புரட்டாதிக் குளிர் முழங்காலுக்குள் ஏறியது. காற்றில் அழுகின முட்டை மணம்.

வெர்னரின் மனைவி ஹெல்கா பிளாஸ்க்கைத் திறந்தார். கோப்பி மணம் முட்டை மணத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டது.

"கோப்பி குடிக்கிறீங்களா, சறோ?"

"வேண்டாம், வேண்டாம்" என்றாள் என் மனைவி.

ஹெல்கா தலையாட்டிவிட்டு மூடியைத் திருகி இறுக்கினார். சறோ என் தொடையில் கிள்ளினாள். கோப்பி இல்லாவிட்டால் அவளுக்குத் தலையிடி வரும். அதை அவள் என் தொடைக்குத்தான் சொல்லுவாளே தவிர ஹெல்காவுக்குச் சொல்லமாட்டாள்.

போன வாரம் இந்தத் தொடரில் அகதி முகாமில் பனி வழித்த கதையை எழுதியதற்கு, "உங்களுக்கு இந்த நாட்டில் பனியையும் பத்திரத்தையும் விட்டால் வேறு ஒன்றும் நடக்கவில்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நடந்தது, தங்கச்சி. நானும் உல்லாசப் பயணம் போயிருக்கிறேன். அதுவும் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளுக்குள்ளேயே பூட்டிய வண்டியில், ஐஃபெல் மலைப்பக்கத்துத் தேசியப் பூங்காவுக்கு. மேலே சொன்ன கோப்பிக் கதை அந்தப் பயணத்தின் கடைசி நாளில் நடந்தது.

மூன்று வேண்டாம்

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் இங்கே பிறந்த பிள்ளைகளும் இந்தத் தொடரை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்களாம். அவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லவேண்டும். அது மரியாதை. இரண்டாம் தரமும் கேட்பார்கள். "இப்பதான் குடிச்சிட்டு வாறம்" என்று சொல்லவேண்டும். அது பொய், கேட்கிறவருக்கும் தெரிந்த பொய். மூன்றாம் தரம் வீட்டுக்காரி குரலை உயர்த்தி, "சும்மா விசர்க்கதை கதையாமல் குடியுங்கோ" என்று கோப்பையைக் கையில் திணிப்பா. அப்போதுதான் வாங்கலாம். முதல் தரமே ஓம் என்று சொன்னால், "அவை வீட்டில அடுப்பு மூட்டுறேல்லையோ" என்று கதை வந்துவிடும்.

டொச்சுக்காரர், அதாவது ஜேர்மன்காரர், ஒருக்காத்தான் கேட்பார்கள். நீங்கள் சொன்னதை அப்படியே நம்பிவிடுவார்கள். அது அவர்களுடைய மரியாதை.

நான் இதை வந்த புதிதிலேயே படித்துவிட்டேன். எண்பதுகளில் கிழக்குப் பக்கத்து ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்குப் பக்கம் போய் அகதியாகப் பதிந்து, பசியோடு ஒரு மண்டபத்தில் நிற்கிறோம். மத்தியானம் ஒரு அம்மா கிடாரம் நிறையச் சூப்போடு வந்தார். என்னிடம்தான் முதலில் நீட்டினார். நான் வளர்ந்த முறைப்படி தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அவன் இரண்டு கோப்பை குடித்தான். நான் அந்த அம்மா திரும்பி வருவார், வந்து ஏசுவார், ஏசிவிட்டுத் தருவார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கிடாரம் காலியாகிப் போய்விட்டது.

அதற்குப் பிறகு யார் எதை நீட்டினாலும் வாங்கிவிடுவேன். சறோ அப்படியில்லை. ஹம்பேர்க்கில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலமெல்லாம் வேலை செய்தவள். என்னைவிட நன்றாக டொச் பேசுவாள். ஆனால் எந்த மொழியில் பேசினாலும் அவளுடைய வேண்டாம் யாழ்ப்பாணத்து வேண்டாம்தான்.

குசினிக் கல்யாணம்

ஹெல்காவும் வெர்னரும் எங்கள் சம்பந்திகள், அல்லது அப்போது ஆகப்போகிறவர்கள். எங்கள் மகள் அபிராவும் அவர்களுடைய மகன் யோனாஸும் கூடப் படித்து, கூடவே இருந்து, எங்களுக்கு எல்லாம் தெரிந்த பிறகு எங்களுக்கு அறிவித்தார்கள். நல்ல பெடியன். உறைப்புத் தின்று கண்ணீர் வழிய, நல்லாயிருக்கு என்று சொல்லுகிற பிள்ளையை எப்படி வெறுப்பது?

கல்யாணம் நகரமன்றத்தில் பதிவு மட்டும், பிறகு ஒரு சாப்பாடு என்று பிள்ளைகள் முடிவெடுத்திருந்தார்கள். சறோவுக்கு நெஞ்சு பொருமிக்கொண்டிருந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் கோயிலில் அபிராவின் கழுத்தில் தாலி ஏறவேண்டும்.

அது வெறும் ஆசையில்லை. எங்களுடைய கல்யாணம் எப்படி நடந்தது என்று சொல்லவேண்டும். பதிந்த மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி கேட்கவேண்டியிருந்த காலம். எங்களுக்கு எட்டின இடத்தில் கோயில் ஏது? அகதிகள் விடுதியின் பொதுக் குசினியில், பிறிஜ்ஜுக்கு மேலே பிள்ளையார் படத்தைச் சாய்த்து வைத்துவிட்டு நான் தாலி கட்டினேன். கெட்டிமேளத்துக்குப் பதிலாக ஒரு ஆபிரிக்க நண்பன் சட்டியில் கரண்டியால் தட்டினான். அடுப்பில் வேறு யாருடையதோ முட்டைக்கோவா அவிந்துகொண்டிருந்தது. நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் கோவா அவிகிற மணம் வந்தால் சறோ இப்போதும் அந்த இடத்தை விட்டு எழும்பிப் போய்விடுவாள்.

அவ்வளவு ஆசை இருக்கிறவள் மகளிடம் சொல்லவேண்டுமா இல்லையா? அபிரா நேராகவே கேட்டாள், "அம்மா, உங்களுக்குக் கோயில்ல செய்ய விருப்பமா?" என்று. இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "எனக்கு ஒண்டும் வேண்டாம். உங்கட விருப்பம்."

அபிரா இங்கே பிறந்த பிள்ளை. அம்மாவுக்கு வேண்டாம் என்று விளங்கிக்கொண்டு போய்விட்டாள்.

"நான் சொல்லுறன் அவளிட்ட" என்றேன்.

"நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. நாங்கள் பொம்பிளைப் பகுதி. நாங்கள் கேட்டால் மாப்பிளை வீட்டுக்காரரை நெருக்கிற மாதிரி இருக்கும். அவையா வாய் திறந்து கேக்கட்டும்."

"அவை டொச்சுக்காரரப்பா. தாலி எண்டால் என்னெண்டே அவைக்குத் தெரியாது."

"நாலு நல்ல மனுசர் ஒரு இடத்தில இருந்தால் கதை தன்ரபாட்டில வரும்."

அந்த நேரம் பார்த்துத்தான் ஹெல்கா வீட்டிலிருந்து வண்டிப் பயணத்துக்கு அழைப்பு வந்தது. நாங்கள் என்றால் சம்பந்தி வீட்டில் ஒருநேரம் சாப்பிட்டுப் பார்ப்போம். இவர்கள் ஒரே வண்டிக்குள் படுத்து எழும்பிப் பார்ப்பார்களாம். பிள்ளைகள் லீவில்லை என்று கழன்றுவிட்டார்கள்.

வண்டிக்குள் வாசம்

சம்பந்திகள் இருப்பது சோஸ்டில். ஊன்ட்றொப் கோயிலுக்கு அங்கேயிருந்து காரில் கொஞ்சத் தூரம்தான். நாங்கள் ரயிலில் போய் இறங்க, வெர்னர் தன் வோன்மொபில் என்ற வீட்டுவண்டியோடு நின்றார். வீடுகளுக்கு வெப்பக் குழாயும் கொதிகலனும் பூட்டுகிற வேலை செய்து ஓய்வுபெற்ற மனுசன். எதுவும் ஒழுகக்கூடாது, எதுவும் ஆடக்கூடாது. தங்குமிடத்தில் வண்டியை நிறுத்தினால் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவுக்கு வரும்வரை சில்லுக்கு அடியில் ஆப்பு வைப்பார், எடுப்பார், திரும்ப வைப்பார். எங்களுடைய கட்டில் ஓட்டுநர் ஆசனத்துக்கு நேர் மேலே. ஏணியில் ஏறிப் படுத்தால் மூக்குக்கும் கூரைக்கும் இடையில் ஒரு தோசைக்குத்தான் இடம்.

முதல் நாள் பின்னேரச் சாப்பாடு பாண், வெண்ணெய், சீஸ், வெட்டின வெள்ளரிக்காய். "இன்னொரு துண்டு?" என்று ஹெல்கா கேட்டார். சறோ வேண்டாம் என்றாள். ஹெல்கா தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டார். என்னைக் கேட்டார், நான் ஓம் என்று வாயைத் திறக்கமுன்னம் மேசைக்குக் கீழே ஒரு உதை. நானும் வேண்டாம்.

சறோவின் பையில் மீன் ரோல்ஸ் ஒரு பெட்டி நிறைய இருந்தது. ஆனால் அவர்கள் சாப்பாடு தந்திருக்கும்போது எங்களுடையதை வெளியே எடுத்தால் குறைசொல்லுகிற மாதிரி ஆகிவிடுமாம். ஆகவே அவள் கை கழுவப் போவது மாதிரி வண்டியின் கக்கூசுக்குள் போய், கதவைக் கொஞ்சம் திறந்து, எனக்கு ஒரு ரோலை நீட்டினாள். மகளைக் கட்டிக்கொடுக்கப் போகிற தகப்பன், ஓய்வூதியம் வாங்குகிற மனுசன், கக்கூஸ் வாசலில் நின்று களவாக ரோல்ஸ் தின்றேன். நல்ல ருசி.

கருவேப்பிலையும் மீனும் பொரித்த வாசம் வண்டி முழுக்க ஏறிவிட்டது. வெர்னர் மோந்துபார்த்து எரிவாயுக் குழாயைச் சரிபார்க்க எழும்பினார். ஹெல்காதான் நேரே வந்து எங்களைப் பார்த்தார்.

"இது என்ன, நல்லா மணக்குது? எனக்கும் ஒன்று வேணும்."

சறோ பெட்டியை நீட்டினாள். ஹெல்கா நின்ற நிலையிலேயே இரண்டு தின்றுவிட்டு, "இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

பிறகு ஏணியில் ஏறிப் படுத்ததும் சறோ கூரையைப் பார்த்துக்கொண்டு குசுகுசுத்தாள். "பாத்தீங்களே, கூச்சமில்லாமல் கேக்கிறா."

"நீரும் அப்பிடிக் கேட்டுப் பாருமன்."

மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

சாடை

அடுத்த நாள் ஒரு நீர்வீழ்ச்சி. உயரமென்று சொல்லுவதற்கில்லை. ஆனால் பச்சைப் பாசி படர்ந்த பாறையின் விளிம்பிலிருந்து தண்ணீர் நூல்நூலாக வடிகிறது. தண்ணீரில் கலந்திருக்கும் சுண்ணாம்பு பாசியில் படிந்து கல்லாகி, பாறை மெல்ல மெல்ல முன்னுக்கு வளர்கிறதாம். வெர்னர் இதை மிகவும் சந்தோஷமாகச் சொன்னார். அவர் தன் தொழில் வாழ்க்கை முழுவதும் குழாய்க்குள் சுண்ணாம்பு படியாமல் பார்த்தவர்.

பெண்கள் இருவரும் முன்னால் போனார்கள். சறோ போனை எடுப்பதைக் கண்டேன். சாடை தொடங்கிவிட்டது என்று விளங்கியது.

"இது என்ர தங்கச்சியின்ர மகளின்ர கலியாணம். ஊன்ட்றொப் கோயில்ல நடந்தது. உங்கட வீட்டுக்குக் கிட்டத்தான்."

ஹெல்கா ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். மணவறை, மாலை, நிறைகுடம், தாலி கட்டுகிற கை. நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல வடிவு" என்றார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாலத்தைக் கடந்து மற்றப் பக்கம் போய்விட்டார். எங்களுக்கு முகத்தைக் காட்டாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சறோவின் முகம் தொங்கிப்போயிற்று. எனக்கும் சரியான கவலை. பகிடி விட வாய் வரவில்லை. அவர்களுக்கு விருப்பமில்லைப் போலிருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

அன்று பின்னேரம் மான் பார்க்கப் போனோம். தேசியப் பூங்காவின் மேட்டு வெளியில் கலைமான்கள் துணை தேடுகிற காலம் அது. மரத்தால் கட்டிய தடுப்புக்குப் பின்னால் சனம் தொலைநோக்கியோடு மூச்சுவிடாமல் நின்றது. புல்வெளிக்கு அங்கால் காட்டு விளிம்பில் கிளைக்கொம்போடு ஒரு கிடாய் வந்து நின்று, கழுத்தை நீட்டிக் கத்தியது. மான் என்றால் மெல்லிய சத்தம் போடும் என்று நினைத்திருந்தேன். இது பழைய லொறி ஸ்டார்ட் எடுக்கிற மாதிரி அடிவயிற்றிலிருந்து வந்தது. பெட்டைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

நான் சறோவின் காதுக்குள் சொன்னேன். "பாத்தீரே, தனக்கு என்ன வேணும் எண்டு ஊருக்கே கேக்கச் சொல்லுது. அது சாடை காட்டுதே?"

அவளுக்கு என்மேல் வந்த கோபத்தில் அடுத்த நாள் காலைவரை என்னோடு கதைக்கவில்லை.

ஓட்டையடியில்

அடுத்த நாள், கடைசி நாள், வாலன்போர்ன் என்ற கிராமத்தில் அந்த ஓட்டை. ஹெல்கா பிளாஸ்க்கை மூடிய இடத்துக்குத் திரும்பி வருகிறேன்.

மூடியைத் திருகினவர் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டே இருந்தார். வெர்னரைப் பார்த்தார். வெர்னர் தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார்.

"சறோ, நான் ஒன்று கேட்கவேணும். பிள்ளைகள் சாப்பாட்டுக்கு மண்டபம் பேசப் போகிறார்கள். அதற்கு முன்னம் யோனாஸுக்கு ஒரு பதில் சொல்லவேணும்." தொண்டையைச் செருமினார். "அபிராவுக்குக் கோயிலிலும் கல்யாணம் செய்ய உங்களுக்கு விருப்பமில்லையா? அந்தப் படத்தில் மாதிரி?"

நாலு நல்ல மனுசர் ஒரு இடத்தில் இருந்தால் கதை தன்பாட்டில் வரும் என்று அவள் சொன்னது நடந்துவிட்டது. நான் சறோவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் விரிந்தது. வாய் திறந்தது.

"சீச்சீ, அதெல்லாம் வேண்டாம்" என்றாள். "உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல்?"

வாய் தானாகச் சொன்னது. பழக்கத்தில் சொன்னது. சொல்லிவிட்டு, அடுத்த தரம் கேட்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"அப்ப சரி" என்றார் ஹெல்கா. அவருடைய குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "கேட்டது நல்லது. இனித் தெளிவு."

போனை எடுத்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, ஒரு விரலால் எழுத்து எழுத்தாக மகனுக்கு அடிக்கத் தொடங்கினார்.

நான் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொன்னால் அது என் ஆசையாகத்தான் போய்ச் சேரும். "சறோ" என்று மட்டும் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஹெல்காவின் அந்த ஒற்றை விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தரம் கேட்க யாரும் வரப்போவதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன்.

சறோ எழுந்து நின்றாள்.

"ஹெல்கா, அனுப்பாதேங்கோ. எனக்கு வேணும்."

அதை டொச்சில் சொன்னாள், கொஞ்சம் சத்தமாகவே. இத்தனை வருஷத்தில் அந்த வசனத்தை அவள் வாயிலிருந்து நான் தமிழில்கூடக் கேட்டதில்லை. கடையில் செருப்பு வாங்கினாலும், "இது காணும், இதே போதும்" என்பாளே தவிர எனக்கு வேண்டும் என்று சொன்னதில்லை.

"எனக்கு என்ர பிள்ளைக்குக் கோயில்ல தாலி கட்டவேணும். ஊன்ட்றொப்பில. நான் குசினியில கட்டினனான், பக்கத்தில கோவா அவிஞ்சது. என்ர பிள்ளைக்கு மேளம் வேணும். யோனாஸ் வேட்டி கட்டவேணும். நீங்கள் எனக்குப் பக்கத்தில சீலை உடுத்துக்கொண்டு நிக்கவேணும். நான் வேண்டாம் எண்டு சொன்னது பொய்."

அவள் அழுதுகொண்டுதான் சொன்னாள். அவளுக்குப் பின்னால் தண்ணீர் கொப்பளிக்கத் தொடங்கியது. சுற்றியிருந்த சனம் போனைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. தண்ணீர் சீறி எழும்பிய சத்தம் கேட்டது, பிறகு அடங்கியதும் கேட்டது. அவ்வளவு தூரம் போய் நாங்கள் நாலு பேரும் அதைப் பார்க்கவில்லை. வெர்னரின் முதுகு மட்டும் நனைந்திருந்தது.

ஹெல்கா அடித்ததை எல்லாம் அழித்தார். பிறகு சறோவின் கையைப் பிடித்துத் தனக்குப் பக்கத்தில் இருத்தினார்.

"நாங்கள் மாட்டிறைச்சி தின்கிற ஆட்கள். அதனால் உங்கள் கோயிலுக்குள் எங்களை விட விருப்பமில்லையாக்கும் என்று நினைத்தோம். நேற்று அந்தப் படங்களைக் காட்டினபோது, எங்களுக்கு இல்லாத ஒன்றைக் காட்டுகிறீர்கள் என்றுதான் எனக்குப் பட்டது. வெர்னரிடம் சொல்லி அழுதேன்."

"ஓம், அழுதவ" என்றார் வெர்னர்.

இரண்டு பெண்களும் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் கண் கலங்கியது. நான் அதைக் குளிர்காற்றின் மேல் போட்டுவிட்டேன்.

"அப்ப சொல்லுங்கோ" என்றார் ஹெல்கா. "மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்ன செய்யவேணும்?"

சறோ வாயைத் திறந்தாள். "ஒண்டும் செய்ய..." என்று தொடங்கினது என் காதில் விழுந்தது. அதை அப்படியே விழுங்கினாள்.

"இருக்கு" என்றாள். "பொன்னுருக்கு. தாலிக்குரிய தங்கத்தை மாப்பிளை வீட்டிலதான் உருக்கவேணும். நல்ல நேரத்தில, எல்லாருக்கும் முன்னால."

வெர்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கள் வீட்டிலா? நெருப்பு வைத்தா?"

"ஓம்."

"என்னிடம் நல்ல எரிவாயுச் சுடர்க்குழல் ஒன்று இருக்கிறது, செம்புக் குழாய் ஒட்டுகிறது. தங்கத்துக்கும் காணும். வண்டி விடுகிற கொட்டிலுக்குள் செய்யலாம்."

"கொட்டிலுக்குள்ள ஏலாது" என்றாள் சறோ. "வீட்டுக்குள்ள. சாமிப்படம் வைச்சு, விளக்குக் கொளுத்தி, விருந்தாளி இருக்கிற அறையில."

"அங்கே திரைச்சீலை இருக்கிறதே" என்றார் வெர்னர். "தீப்பிடிக்கும்."

"அப்ப திரைச்சீலையைக் கழற்றுவோம்" என்றார் ஹெல்கா.

"கழட்டினால் தோய்ச்சும் போடுங்கோ" என்றாள் என் மனைவி.